செய்தியாகாத நாட்கள்

செய்தித்தாள் புகைப்படக்காரரைச் சாதாரண நாளைப் படமெடுக்க யாரும் அனுப்புவதில்லை. தீப்பிடித்தால், கார் கவிழ்ந்தால், மேயர் நாடா வெட்டினால், வேலைநிறுத்தத்தில் கல் பறந்தால் அவர் போகிறார். ஆலைச் சங்கு ஊதியதும் கூட்டமாக வெளியே வருகிறவர்கள், முடிதிருத்தகத்தில் முறைக்காகக் காத்திருப்பவர்கள், வாசற்படியில் உட்கார்ந்து பொழுது சாய்வதைப் பார்க்கும் பெண்கள் ஆகியோர் செய்தி இல்லை. நேற்றும் அப்படித்தான் இருந்தார்கள், நாளையும் அப்படித்தான் இருப்பார்கள் என்பதே காரணம். இருந்தும், இருபதாம் நூற்றாண்டின் தொழில்நகரம் ஒன்றில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடுகிறவர் கடைசியில் வந்து நிற்பது உள்ளூர்ப் பத்திரிகையின் நெகட்டிவ் பெட்டிகளுக்கு முன்னால்தான். வழக்கம் மீறியதைத் தேடி அலைந்த கேமராவுக்குள் வழக்கம் எப்படிப் புகுந்தது என்பதற்கு எளிதில் விடை கிடைப்பதில்லை. புகுந்ததை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது அதைவிடச் சங்கடமான கேள்வி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பிட்ஸ்பர்க், இரண்டு கேள்விகளையும் உரசிப் பார்க்கத் தோதான ஊர். ஒரே நூற்றாண்டுக்குள், ஒரே தெருக்களை, வேறுவேறு தேவைகளுக்காகப் பலர் அங்கே படமெடுத்தார்கள்.

அலெகெனி, மனோங்ககேலா என்ற இரண்டு ஆறுகள் கூடி ஒஹையோ ஆறாகும் முனையில் அந்த நகரம் இருக்கிறது. சுற்றியிருந்த மலைகளுக்குள் நிலக்கரி கிடந்தது. ஆறு அதைச் சுமந்தது. கரை நெடுக உருக்காலைகளும் கோக் உலைகளும் எழுந்தன. 1950-ல் நகரத்தின் மக்கள்தொகை 6,76,806. அதில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் கறுப்பின மக்கள். தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து கிளம்பி வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். ஆலைகளில் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தவை வெப்பமும் புழுதியும் மிகுந்த வேலைகள்: கோக் உலை, ஊதுலை, சுமை இறக்குமிடம். 1940-களின் தொடக்கம் வரை நண்பகலிலும் தெருவிளக்குகளை எரியவிட வேண்டிய அளவுக்கு நகரத்தின் மேல் புகை கவிந்திருந்தது. அலுவலகம் போகிறவர்கள் மதியத்துக்கு மாற்றிக்கொள்ள இன்னொரு வெள்ளைச் சட்டையைக் கையோடு எடுத்துப்போனதை ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வதுண்டு. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1941-ல் வந்தது. போர் குறுக்கிட்டதால் 1946-ல்தான் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. இப்படி ஒரு ஊர் கேமராவை இழுக்காமல் இருக்காது. இரவில் உலை திறக்கும்போது ஆறு முழுக்கச் சிவப்பது, வரிசை வரிசையாகப் புகைபோக்கிகள், மலைச்சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கும் மர வீடுகள் என்று நூற்றாண்டு முழுக்க எடுத்துத் தள்ளினார்கள். அந்தப் படங்கள் பலவற்றில் ஆள் இல்லை. இருந்தாலும் நெருப்புக்கு முன்னால் நிற்கும் ஒரு கரிய உருவமாகத்தான் இருப்பார். அவர் வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டார், ஞாயிற்றுக்கிழமை என்ன உடுத்தினார் என்பதைப் புகைபோக்கி சொல்லாது.

மனிதர்களைப் பார்க்க வந்தவர்கள் இல்லாமலில்லை. 1907, 1908-ல் ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளையின் செலவில் ‘பிட்ஸ்பர்க் சர்வே’ என்ற பெரும் சமூக ஆய்வு நடந்தபோது லூயிஸ் ஹைன் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த தொழிலாளர்களையும் அவர்கள் நெருக்கியடித்துத் தங்கிய விடுதிகளையும் படமெடுத்தார். 1950-ல் ராய் ஸ்ட்ரைக்கர் வந்தார். பொருளாதாரப் பெருமந்தத்தின் கிராமங்களைப் பதிவுசெய்த அரசுப் புகைப்படப் பிரிவை நடத்தியவர் அவர். நகரத்தை இடித்துக் கட்ட நினைத்த தொழிலதிபர்களும் பிரமுகர்களும் சேர்ந்த அமைப்பு, புதுப்பிப்பின் கதையைச் சொல்ல ஒரு படத் தொகுப்பு வேண்டும் என்று அவரை அழைத்தது. எஸ்தர் பப்லி, இளைஞரான எலியட் எர்விட், கிளைட் ஹேர், ரிச்சர்ட் சாண்டர்ஸ் ஆகியோர் அவருக்காக வேலை செய்தார்கள். 1955-ல் ‘லைஃப்’ பத்திரிகையை விட்டு விலகியிருந்த டபிள்யூ. யூஜின் ஸ்மித் வந்தார். ஒரு நூலுக்காக மூன்று வாரத்தில் சுமார் 100 படங்கள் எடுத்துத் தருவது அவரோடு பேசிய பேச்சு. அவரோ அந்த ஊருக்குள் மூழ்கிப்போய், மாதக்கணக்கில் தங்கி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைக் குவித்தார். 1959-ல் ஒரு புகைப்பட ஆண்டிதழில் அவற்றின் சிறு பகுதி வெளியானபோது அதைத் தோல்வி என்றே அவர் கருதினார். ஹைனுக்கு நிரூபிக்க ஒரு அநீதி இருந்தது. ஸ்ட்ரைக்கருக்குக் காட்ட ஒரு வளர்ச்சி இருந்தது. ஸ்மித்துக்குச் சொல்ல ஒரு காவியம் இருந்தது. மூவரின் படங்களும் இன்றும் கண்ணை நிறுத்துகின்றன. ஆனால் படத்தில் இருப்பவர் அடுத்த வாரம் அதைப் பார்ப்பார், பிடிக்கவில்லை என்றால் தெருவில் மறித்துக் கேட்பார் என்ற நிர்ப்பந்தம் மூவருக்கும் இருந்ததில்லை.

அந்த நிர்ப்பந்தம் இருந்தவர்கள் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்கள். நகரத்தில் ‘பிரெஸ்’, ‘போஸ்ட்-கெசட்’, ‘சன்-டெலிகிராஃப்’ என்று மூன்று பெரிய நாளிதழ்கள் இருந்தன. அவற்றைப் படிப்பவர்களாக வெள்ளையர்களே மனத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள். கறுப்பின மக்கள் அவற்றில் வருவது பெரும்பாலும் குற்றச் செய்திகளிலும் குத்துச்சண்டைச் செய்திகளிலும்தான். அவர்களுடைய கல்யாணம், பட்டமளிப்பு, மாதர் சங்கத்தின் தேநீர் விருந்து, தேவாலயத்தின் ஆண்டுவிழா எதற்கும் அந்தப் பக்கங்களில் இடமில்லை. அந்த இடத்தைக் கொடுத்தது ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற வார இதழ். ஹெய்ன்ஸ் உணவுத் தொழிற்சாலையில் காவலாளியாக இருந்த எட்வின் ஹார்லஸ்டன் 1907-ல் அதைத் தொடங்கினார். பிறகு ராபர்ட் வான் என்ற வழக்கறிஞர் 1940-ல் இறக்கும் வரை அதை நடத்தி நாடறிந்த பத்திரிகையாக்கினார். 1940-களின் பிற்பகுதியில் அதன் விற்பனை மூன்றரை லட்சம் பிரதிகளை எட்டியது. தெற்கே அதை விற்பதே ஆபத்தாக இருந்த ஊர்களுக்கு, ரயிலில் வேலை பார்த்த கறுப்பினச் சிப்பந்திகள் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். போரில் வெளிப் பகையையும் வீட்டுக்குள் இருக்கும் இனவெறியையும் சேர்த்து வெல்ல வேண்டும் என்ற ‘இரட்டை வெற்றி’ இயக்கத்தை 1942-ல் தொடங்கியது இந்தப் பத்திரிகைதான்.

அன்றாடம் செய்தியாகும் வழி இங்கேதான் திறக்கிறது. ஒரு கூட்டத்தாரை எப்போதும் குற்றவாளியாகவோ பரிதாபத்துக்குரியவராகவோ மட்டும் காட்டும் ஊரில், அவர்களில் ஒருவர் புது கோட் அணிந்து தன் கடை வாசலில் நிற்பதே மறுப்பறிக்கை ஆகிவிடுகிறது. ‘கூரியர்’ ஆசிரியர்கள் இதை ஒரு கொள்கையாக எழுதிவைத்துக்கொண்டு செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. வாசகர்கள் தங்களையும் பக்கத்து வீட்டாரையும் பக்கத்தில் பார்க்க விரும்பினார்கள், பார்த்தால் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதும் சமமான காரணம். அரசியலும் வியாபாரமும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்தன. அதனால் மற்ற நாளிதழ் புகைப்படக்காரர் கண்டும் காணாமல் கடந்துபோகும் காட்சிக்கு இந்த வார இதழின் புகைப்படக்காரர் கேமராவைத் திறந்தார். பள்ளிக்கூடத்துப் போக்குவரத்துக் காவல் சிறுவர்கள், பெட்டிக்கடைக்காரர், பந்துவீச்சுச் சங்கம், அழகுக்கலைப் பள்ளியின் மாணவிகள், பத்திரிகை போடும் பையன்களின் சுற்றுலா என எல்லாம் அச்சேறத் தகுதி பெற்றன. சாதாரண வாழ்க்கை இங்கே செய்தியானதற்கு அதன் சாதாரணத்தன்மை காரணமில்லை. வேறெங்கும் அதற்கு அனுமதி இல்லாததே காரணம். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு அந்தப் படங்களைப் பார்த்தால் அவை வெறும் பழைய நாள் இனிமையாகத் தேங்கிவிடும்.

அந்தப் புகைப்படக்காரர்களில் முதன்மையானவர் சார்லஸ் ‘டீனி’ ஹாரிஸ். 1908-ல் பிட்ஸ்பர்கின் ஹில் மாவட்டத்தில் பிறந்தார். பெற்றோர் அங்கேயே ஒரு தங்கும் விடுதி நடத்தினார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. கூடைப்பந்தும் பேஸ்பாலும் ஆடினார். பின்னாளில் கறுப்பினப் பேஸ்பாலில் பெரும் பெயர் பெற்ற கிராஃபர்ட்ஸ் அணி, தெருவணியாக உருவான காலத்தில் அதைக் கூட்டிச் சேர்த்தவர்களில் அவரும் ஒருவர். அண்ணன் வில்லியம் ‘வூகி’ ஹாரிஸ் அப்பகுதியில் எண் லாட்டரி நடத்திய பெரும்புள்ளி. சட்டத்துக்குப் புறம்பான அந்தத் தொழிலில் தம்பியும் சில காலம் ஓடியாடினார். முதல் கேமராவுக்கான பணம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. 1930-களின் நடுவில் ‘கூரியர்’ இதழுக்குப் படம் தரத் தொடங்கி, 1970-களின் நடுவரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தொடர்ந்தார். சென்டர் அவென்யூவில் சொந்தமாக ஒரு ஸ்டுடியோவும் வைத்திருந்தார். வாரத்தில் பத்திரிகைக்காக ஓடியவர், அதே மக்களின் கல்யாணத்துக்கும் குழந்தையின் பிறந்தநாளுக்கும் கூலிக்குப் படமெடுத்தார். இரவில் வைலி அவென்யூவின் ஜாஸ் விடுதிகளில் நின்றார். அவர் எடுத்தவற்றில் இன்று பாதுகாக்கப்பட்டிருக்கும் நெகட்டிவ்கள் மட்டும் ஏறத்தாழ 80,000. ஒரே சமூகத்துக்குள் இருந்துகொண்டே ஒரே ஆள் அதைப் பதிவுசெய்த தொகுப்புகளில் இவ்வளவு பெரியவை உலகில் மிகக் குறைவு.

அவருடைய கருவி, அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்களின் பொதுக் கருவியான ஸ்பீட் கிராஃபிக். நான்கு அங்குலத்துக்கு ஐந்து அங்குலத் தனித்தாள் பிலிம். ஒரு பிடிப்பானில் முன்னும் பின்னுமாக இரண்டே தாள்கள். ஒரு படத்துக்கு ஷட்டரை இழுத்துவைத்து, மூடுதகட்டை உருவி, தூரம் பார்த்து, அழுத்த வேண்டும். உடனே தகட்டைச் செருகி, பிடிப்பானைத் திருப்பி, எரிந்து சூடாகிப்போன பல்பைத் தட்டிக் கழற்றி, புதிய பல்பைச் செருகினால்தான் அடுத்த படம். ஒவ்வொரு பல்பும் ஒருமுறைதான் எரியும், ஒவ்வொன்றும் காசு. மற்றவர்கள் இரண்டு மூன்று முறை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஹாரிஸ் ஒருமுறை அழுத்திவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார். அதைக் கவனித்த மேயர் டேவிட் லாரன்ஸ் அவருக்கு ‘ஒன் ஷாட்’ என்று பட்டப்பெயர் வைத்தார். இந்தப் பெயரைத் திறமைக்குச் சான்றாக மட்டும் சொல்வது வழக்கம். அதில் சிக்கனமும் இருக்கிறது, ஒரே மாலையில் பல இடங்களுக்கு ஓட வேண்டிய அவசரமும் இருக்கிறது. எதிரில் நிற்பவர் மேலான மரியாதையும் இருந்திருக்கலாம், ஏனென்றால் உழைத்துக் களைத்தவரைத் திரும்பத் திரும்ப நிற்கச் சொல்வதும் ஒரு அதிகாரம். தொழில்நுட்பத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. செய்தித்தாள் அச்சின் முரட்டுப் புள்ளிகளில் நிழல்கள் எல்லாம் ஒரே மையாகக் கலந்துவிடும். வெள்ளை முகத்தைக் கணக்கில் வைத்து வெளிச்சம் பாய்ச்சுகிறவரின் படத்தில் கறுப்பு முகம் கண்ணும் பல்லுமாக மட்டும் எஞ்சும். ஹாரிஸின் படங்களில் மாநிறமும் கருநிறமும் ஒரே குடும்பத்துக்குள் எத்தனை வகையாக இருக்கின்றன என்பது தெரிகிறது. அந்த வேறுபாட்டை அவர் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர்.

படங்களுக்குள் இருப்பதைப் பட்டியலிடுவது ஒருபோதும் முடியாத வேலை. பாடகி லீனா ஹார்ன் ஒப்பனைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்கிறார். டியூக் எலிங்டன், மார்ட்டின் லூதர் கிங், முகம்மது அலி என ஊர் வந்த பிரபலங்கள் எல்லோரும் இருக்கிறார்கள். கண்காட்சிகளின் விளம்பரத்துக்கு இவர்களே முன்னால் வருகிறார்கள். தொகுப்பின் எடை வேறிடத்தில் இருக்கிறது. கையுறை தன் தலை அளவுக்கு இருக்கும் சிறுவன் குத்துச்சண்டை வீரனைப் போல் முறைக்கிறான். நொறுங்கிப்போன காரைச் சுற்றி ஆட்கள் கூடியிருக்கிறார்கள். வெள்ளையர்களின் டாக்சிகள் ஏற மறுத்த மேட்டுத் தெருக்களில் உரிமம் இல்லாமல் ஓடிய ‘ஜிட்னி’ வண்டிகளின் ஓட்டுநர்கள் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கிறார்கள். மறியல் பலகையைத் தூக்கிப் பிடித்தவர்களின் காலணிகள் பளபளவென்று இருக்கின்றன. படம் எடுக்கப்பட்ட காரணம் ஒன்று, இன்று அது சொல்லும் விஷயம் இன்னொன்று. சங்கத் தலைவியின் பதவியேற்பை எடுத்த படத்தில் இன்று ஆய்வாளர் பார்ப்பது அவருக்குப் பின்னாலுள்ள நாட்காட்டி, சுவரில் ஒட்டிய காகிதத்தின் பூவேலை, மேசை விரிப்பின் கஞ்சி மடிப்பு, மூலையில் இருக்கும் வானொலிப் பெட்டி. விபத்துப் படத்தில் காரைவிட முக்கியமாகத் தெரிவது பின்னணியில் உள்ள கடைகளின் பெயர்ப் பலகைகள். செய்திக்காகத் திறந்த வலையில் செய்தி ஒரு மீன்தான், கூடவே ஏறி வந்த பாசியும் சிப்பியும்தான் இப்போது கடலைப் பற்றிச் சொல்கின்றன. பிளாஷ் வெளிச்சம் எட்டிய பத்தடிக்குள் இருந்ததெல்லாம் பாரபட்சமில்லாமல் பதிவாகியது. எட்டாத தூரம் இருளாகிப்போனது.

இருளைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொகுப்பைப் புரட்டுகிறவருக்குச் சீக்கிரத்திலேயே ஒரு சந்தேகம் எழும்: எல்லோரும் இவ்வளவு நன்றாகவா உடுத்தியிருந்தார்கள்? பத்திரிகைக்காரர் வருகிறார் என்று தெரிந்தால் யாரும் வேலைத்துணியோடு நிற்பதில்லை. தலை வாரி, தொப்பியைச் சரிசெய்து, குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்ட பிறகே அன்றாடம் கேமராவுக்கு முன் வந்திருக்கிறது. இதைப் பொய் என்று தள்ளிவிடுவது அவசரம். ஆறு நாள் கரியில் உழைத்தவர் ஏழாம் நாள் எப்படித் தெரிய விரும்பினார் என்பதும் அவருடைய வாழ்க்கையின் உண்மைதான். ஆனால் அது ஆறு நாளை மறைக்கவும் செய்கிறது. நகரத்துக்குச் சோறு போட்ட உருக்காலைகளின் உட்புறம் இந்தப் படங்களில் ஒப்பீட்டளவில் குறைவு. நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கறுப்பின வார இதழின் ஆள் கேமராவோடு ஆலை வாயிலைத் தாண்டுவது எளிதில்லை. உருக்காலையின் உள்ளே எடுத்த புகழ்பெற்ற முகங்கள் ஸ்மித்துடையவை. அந்த முகங்களுக்கு வீடு இல்லை. ஹாரிஸின் முகங்களுக்கு வீடும் தெருவும் கோயிலும் இருக்கின்றன, ஆலை இல்லை. ஒரே ஆள் இரண்டு தொகுப்பிலும் இருந்திருக்கக்கூடும், அதை இன்று யாராலும் பொருத்திச் சொல்ல முடியாது. சமையலறையில் நடந்த சண்டை, வாடகை கட்ட முடியாத மாதம், இரவு ஷிப்ட் முடிந்து வந்தவரின் தூக்கம் எதற்கும் படம் இல்லை. சங்கத்தில் சேரச் சந்தா கட்ட முடிந்தவர்கள் சேர முடியாதவர்களைவிட அதிகமாகத் தெரிகிறார்கள். உள்ளிருந்து பார்க்கும் கண்ணுக்கும் வரம்பு உண்டு. உறவுக்காரரைப் போலப் பழகியவர் உறவுக்காரரைப் போலவே சிலவற்றைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வார்.

வரம்பு இருந்தும் அந்தப் படங்கள் ஏன் அவசியமாகின என்பதை 1956-க்குப் பிறகு நடந்தது காட்டுகிறது. நகரத்தைப் புதுப்பிக்கும் திட்டத்தில் ஹில் மாவட்டத்தின் கீழ்ப்பகுதி, சுமார் 95 ஏக்கர், இடிக்கப்பட்டது. 8,000-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 400-க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் போயின. கறுப்பின மக்களின் பழமையான பெத்தெல் தேவாலயமும் தப்பவில்லை. அந்த இடத்தில் 1961-ல் திறந்துமூடும் எஃகுக் கூரையோடு ஒரு உள்ளரங்கம் எழுந்தது. சுற்றிலும் வண்டி நிறுத்தும் தார் மைதானம். இடிப்புக்கு முன்பு அதே தெருக்கள் வேறு கேமராக்களால் எடுக்கப்பட்டிருந்தன. சாய்ந்த மாடிப்படி, கொல்லையில் கழிப்பறை, குப்பைக்கு நடுவே விளையாடும் குழந்தைகள் என்று சேரிக்கு இலக்கணமான காட்சிகள். புதுப்பிப்பை ஆதரித்தவர்களுக்கு அவை சான்றாயின. அவை பொய்யில்லை. அங்கிருந்த வீடுகள் பலவற்றில் குளியலறை கிடையாது, சுரண்டும் வாடகை இருந்தது. கறுப்பினத் தலைவர்களில் பலர்கூட நல்ல வீடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஆரம்பத்தில் திட்டத்தை வரவேற்றார்கள். ஆனால் சேரியைக் காட்டிய படத்தில் கடைக்காரர் இல்லை, முடிதிருத்தகத்தின் அரட்டை இல்லை, கிராஃபர்ட் கிரில் என்ற ஜாஸ் விடுதியின் மேடை இல்லை. இடிக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் கட்டிடங்களைப் பார்த்தார்கள். அந்தக் கட்டிடங்களுக்குள் ஒரு ஊர் இருந்தது என்பதற்கு இன்று எஞ்சியிருக்கும் பெரும் சான்று ஹாரிஸின் பெட்டிகள்தான். அன்று அவை சான்றாகப் பயன்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாரமும் பல்லாயிரம் வீடுகளுக்குப் போன படங்கள் திட்டக்குழுவின் மேசைக்குப் போகவில்லை. பிறகு மேல்பகுதிக்கும் இடிப்பு நீளும் என்ற அச்சம் வந்தபோது, கிராஃபர்ட் தெருவும் சென்டர் அவென்யூவும் சந்திக்கும் முனையில் இதற்கு மேல் இடிக்க விடமாட்டோம் என்று நகரசபைக்கு எழுதிய பெரும் பலகையை மக்களே நட்டார்கள். இடிப்பு அங்கே நின்றது. நிறுத்தியது படம் இல்லை, பலகையும் அதன் பின்னால் திரண்டவர்களும்தான்.

படங்கள் தப்பிப் பிழைத்த விதத்திலும் தற்செயல் அதிகம். பத்திரிகை அலுவலகங்களில் நெகட்டிவ்களின் ஆயுள் குறைவு. இடம் போதாதபோது முதலில் வெளியே போவது அவைதான். நிறுவனம் கைமாறும்போது யாரும் அவற்றை எண்ணி வாங்குவதில்லை. ‘கூரியர்’ 1966-ல் சிகாகோ பத்திரிகை அதிபர் ஒருவரின் கைக்கு மாறியது. ஹாரிஸ் தன் நெகட்டிவ்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டதால் அந்த மாற்றம் அவற்றைத் தொடவில்லை. முதுமையில் அவர் செய்த ஓர் ஒப்பந்தத்தால் அவை அவர் கையைவிட்டுப் போயின. திரும்பப் பெற நீதிமன்றம் போனார். 1998-ல் அவர் இறந்த பிறகே வழக்கு குடும்பத்துக்குச் சாதகமாக முடிந்தது. 2001-ல் கார்னகி கலை அருங்காட்சியகம் தொகுப்பை வாங்கியது. கையில் வந்தபோது பெரும்பாலான நெகட்டிவ்களில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. அன்று அதற்குத் தேவை இருக்கவில்லை. எடுத்தவருக்கு எல்லோரையும் தெரியும், பார்க்கப்போகிறவர்களுக்கும் தெரியும். தெரிந்தவர்களுக்குள் புழங்கிய படம், தெரியாதவர்களின் குளிரூட்டிய அறைக்குப் போனதும் ஊமையாகிவிட்டது. அங்கே அதற்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அசிடேட் பிலிம் காலப்போக்கில் தானே சிதைந்து, வினிகர் நெடி வீசி, சுருங்கி மடிகிறது. ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் குறைத்துவைத்து அதைத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. ஸ்கேன் எடுத்துவிட்டால் உருவம் பிழைக்கும். உருவத்தில் இருப்பது யார் என்பதை ஸ்கேனர் சொல்லாது.

அருங்காட்சியகம் செய்த உருப்படியான காரியம் படங்களின் பிரதிகளை மக்கள் முன் விரித்துவைத்ததுதான். ஹில் மாவட்டத்திலும் நகரத்தின் ஹோம்வுட் பகுதியிலும் வளர்ந்த முதியவர்கள் வந்து பார்த்து, இது எங்கள் அத்தை, இது இன்ன தெரு மூலை, இந்தத் தொப்பிக்கடை இன்ன வருடம் மூடியது என்று சொல்லச் சொல்ல, படங்களுக்குக் குறிப்பு ஏறியது. வாய்மொழி நேர்காணல்கள் பதிவாயின. பழைய ‘கூரியர்’ பக்கங்களோடு ஒப்பிட்டுத் தேதிகளைச் சரிபார்த்தார்கள். இது மெதுவான வேலை, தவறுக்கும் இடம் உண்டு. நினைவு இரண்டு பேரை ஒருவராக்கும், ஒரு கல்யாணத்தை வேறு கல்யாணத்தோடு சேர்க்கும். ஒரே முகத்துக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கொண்டாடினால் யாரை நம்புவது? ஆனாலும் கலை விமர்சகர் ஒளியைப் பற்றியும் கோணத்தைப் பற்றியும் எழுதும் பத்துப் பக்கத்தைவிட, மேட்டுத் தெருவில் பிறந்த ஒரு பாட்டி சொல்லும் ஒரு பெயர் அந்தப் படத்துக்கு அதிகம் செய்கிறது. பெயர் வந்ததும் அது அழகான கறுப்பு வெள்ளைப் படமாக இருப்பதை நிறுத்திவிட்டு, குறிப்பிட்ட ஒருவரின் குறிப்பிட்ட ஒரு நாளாகிவிடுகிறது.

மொத்தத்தில் பிட்ஸ்பர்க் காட்டுவது இதுதான். தொழில்நகரத்தின் அன்றாடம் கேமராவுக்குள் தானாக வந்து விழுவதில்லை. அதைச் செய்தி என்று கருத ஒரு பத்திரிகைக்குக் காரணம் இருக்க வேண்டும், எடுப்பவர் அடுத்த வாரமும் அதே தெருவில் நடக்க வேண்டியவராக இருக்க வேண்டும், எடுத்தவை குப்பைக்குப் போகாமல் யாராவது பிடிவாதமாக வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடிய ஊர்கள் சொற்பம். கூடிய இடத்திலும் கிடைப்பது முழு வாழ்க்கை இல்லை. தெரிய விரும்பியவர்கள் தெரிய விரும்பிய விதமும், அவர்கள் அறியாமல் பின்னணியில் பதிந்துபோன சாமான்களும்தான் கிடைக்கின்றன. அதற்கு மேல் கேட்பது புகைப்படத்திடம் கேட்கக் கூடாததைக் கேட்பது. ஹாரிஸ் தொகுப்பிலேயே இன்னும் பெயர் தெரியாத முகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அடையாளம் சொல்லக்கூடியவர்களின் எண்ணிக்கை ஒவ்வோர் ஆண்டும் குறைகிறது. எந்த ஊரில் ஆனாலும், ஓர் உள்ளூர்ப் பத்திரிகையின் பழைய நெகட்டிவ்கள் கைக்கு வந்தவர்கள் ஸ்கேனருக்கு விலை விசாரிக்கும் முன்பு அந்தத் தெருக்களின் முதியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பிலிமுக்கு இன்னும் சில ஆண்டுகள் அவகாசம் உண்டு; அவர்களுக்கு இல்லை.